கடலும் ஸ்லைடும்: ஈசிஆரில் குடும்பத்துக்கு ஏற்ற ரிசார்ட்

அறை பதிவு செய்வதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. குழந்தையைச் செருப்பில்லாமல் கதவு நிலையில் முதுகு ஒட்டி நிற்கவைத்து, உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாட்டர் பார்க்கில் வயதைவிட உயரத்தைத்தான் பார்ப்பார்கள். பல இடங்களில் நுழைவுச் சீட்டின் விலைகூட உயரத்தை வைத்துத்தான். பெரிய ஸ்லைடுகளுக்கு வழக்கமான எல்லை 120 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய நாலடி. நடுத்தர ஸ்லைடுகளுக்கு 90, 100 என்று இருக்கும். உங்கள் பையன் 116 என்றால், விளம்பரப் படத்தில் வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பெரிய குழாய்களில் அநேகமாக எதுவும் அவனுக்குக் கிடையாது. அவற்றுக்காக நீங்கள் கொடுக்கும் பணம் வீண்.

இது தெரியாமல் போனால் நடப்பது என்ன? குழந்தை வெயிலில் படியேறி, வரிசையில் கால் மணி நேரம் நின்று, அளவுக்கம்பத்துக்கு முன்னால் வந்து நிற்கும். கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தலை. அக்கா மேலே போய்விடுவாள், தம்பி அழுதுகொண்டே இறங்குவான். அந்த இடத்தில், "கொஞ்சம்தானே குறையுது, விடுங்க தம்பி" என்று ஊழியரிடம் கெஞ்சாதீர்கள். எடை குறைந்த உடல் வளைவில் எப்படித் திரும்பும், இறங்கும் குளத்தில் தலை தண்ணீருக்கு மேலே நிற்குமா என்பதையெல்லாம் கணக்கில் கொண்டுதான் அந்தக் கோடு போடப்பட்டிருக்கிறது. கெஞ்சினால் விட்டுவிடும் பார்க்கைவிட, கெஞ்சினாலும் விடாத பார்க் நல்ல பார்க்.

நம் வீடுகளில் சுற்றுலா என்றால் பெரும்பாலும் மூன்று தலைமுறையும் சேர்ந்துதான் கிளம்பும். காலேஜ் படிக்கும் அக்கா மகன் எந்த ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனாலும் சந்தோஷமாக இருப்பான். மூன்று வயதுக் குழந்தைக்கும், முட்டிவலியோடு வரும் பாட்டிக்கும், தண்ணீரில் கால் வைக்கவே தயங்கும் அத்தைக்கும் அப்படியில்லை. அதனால் தேர்வை இவர்களிடமிருந்து தொடங்குங்கள். தண்ணீரில் யாரால் மிகக் குறைவாகச் சமாளிக்க முடியுமோ, அவருக்குப் பொருந்தும் இடமே குடும்பத்துக்குப் பொருந்தும் இடம்.

எங்கே என்ன இருக்கிறது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறை, கடல், வாட்டர் பார்க் மூன்றும் ஒரே வாசலுக்குள் தரமாக அமைந்த இடம் அரிது. ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி யுனிவர்சல் கிங்டம், முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு ஆகிய இரண்டும் கடலை ஒட்டிய பழைய பூங்காக்கள். இரண்டிலும் தண்ணீர் விளையாட்டுப் பகுதி உண்டு. 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பார்க் திருப்போரூர் பக்கம், இள்ளலூரில் இருக்கிறது. அது ஓஎம்ஆர் எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், அங்கிருந்து கடல் தெரியாது. தங்குமிடங்கள் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நெருக்கமாக இருக்கின்றன. கோவளத்தில் பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், மாமல்லபுரத்தில் தோட்டத்துக்குள் வளைந்து ஓடும் பெரிய நீச்சல்குளத்தோடு ராடிசன் டெம்பிள் பே, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி, இவற்றுக்கு நடுவே எல்லா விலையிலும் சின்னச் சின்ன ரிசார்ட்டுகள்.

என் பரிந்துரை நேரடியானது. வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நாலடிக்குக் கீழே என்றால் பெரிய பார்க் வேண்டாம். முழங்கால் ஆழத்தில் தனிக் குழந்தைக் குளம், அதில் தண்ணீர் கொட்டும் வாளி, இரண்டு குட்டி ஸ்லைடு, மேலே நிழல் இவ்வளவு இருக்கும் ரிசார்ட்டில் இரண்டு நாள் இருங்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ தங்கி, ஒரு முழு நாளைப் பார்க்குக்கு என்று ஒதுக்குங்கள். காலையில் பார்க், சாயங்காலம் கடல் குளியல் என்று ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். ஆறு மணி நேரம் தண்ணீரில் ஆடிய பிள்ளைக்குக் காலில் வலு இருக்காது, பெரியவர்களுக்குக் கண்ணில் கவனம் இருக்காது. அந்த நிலையில் அலைக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

கடல்

சென்னை முதல் புதுச்சேரி வரை கரை திறந்த வங்காள விரிகுடாவைப் பார்த்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு அருகே அரியமானில் பாக் விரிகுடா பெரும்பாலான நாள்கள் அடங்கிக் கிடக்கும். அங்கே பிள்ளையைக் கைப்பிடித்துத் தண்ணீருக்குள் நடந்த பழக்கத்தில் மாமல்லபுரத்தில் இறங்கிவிடாதீர்கள். இங்கே கரை சட்டென்று சரியும். முழங்கால் ஆழத்தில் நிற்பவர் இரண்டு எட்டு வைத்தால் மார்பளவு. அலை கரைக்கு மிக அருகில் வந்து மொத்தமாக உடையும். திரும்பிப் போகும் தண்ணீர் காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். நிற்கிற பெரியவரே தடுமாறுவார், குழந்தை உட்கார்ந்துவிடும், அடுத்த அலை அதன் தலைக்கு மேலே வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுக்கு நடுவே பள்ளமான ஒரு சந்து கிடைத்தால் அதன் வழியே வேகமாகக் கடலுக்குள் ஓடும். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அலை இல்லை என்று நம்பி அந்தப் பட்டையில்தான் இறங்குகிறார்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி யாராலும் வெல்ல முடியாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பலாம். இதைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிக்கொடுங்கள். பிள்ளையை இழுத்துப் போகிறது என்று வெறுங்கையோடு பின்னால் குதிக்கும் அப்பாவும் மாமாவும் சேர்ந்து போய்விடும் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. முதலில் தண்ணீரில் எறிய வேண்டியது மிதக்கும் பொருள்: டியூப், காலி கேன், கயிறு, எதுவாக இருந்தாலும்.

ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதிலிருந்து மூன்று கேள்விகள் வருகின்றன. முன்னால் மணல் இருக்கிறதா, அல்லது அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல் இருக்கிறதா? புதுச்சேரி நகரக் கடற்கரையின் பெரும்பகுதியில் கல்தான். பார்க்க அழகு, காலாற நடக்கலாம், குழந்தை விளையாட முடியாது. கடல் பக்கம் போகும் வாசலில் கதவும் ஆளும் இருக்கிறதா? விழித்தவுடன் குழந்தை தனியாக நடந்து மணலுக்குப் போய்விட முடிகிற ரிசார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கரையில் லைஃப் கார்டு நிற்கிறாரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? நீச்சல்குளத்துக்கு மட்டும் ஆள் வைத்துவிட்டு, கடலுக்கு எச்சரிக்கைப் பலகை மட்டும் வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரைக்கும் அதே ஆண்டில்தான். தண்ணீரின் தரம், கழிப்பறை, முதலுதவி, உயிர்காப்பாளர் என்று பல நிபந்தனைகள் அந்தச் சான்றுக்கு உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், நீங்கள் போகும் ஆண்டில் கொடி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ரிசார்ட்டின் கரையில் வசதி இல்லையென்றால் குழந்தைகளை இந்தக் கடற்கரைகளுக்குக் கூட்டிப்போய்க் கால் நனைக்கவைக்கலாம்.

"தனிக் கடற்கரை" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அலை வந்து போகும் மணல் பொதுச் சொத்து. அங்கே மீனவர் படகு நிறுத்துவார்கள், வலை உலர்த்துவார்கள். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். பிள்ளைகளைப் படகில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம், வலையை மிதிக்கவும் வேண்டாம். அவர்களிடம் போய், "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி, பிள்ளைங்க இறங்கலாமா?" என்று கேளுங்கள். வாடைக்காற்றுக்குக் கடல் எப்படி நடந்துகொள்ளும், கச்சானுக்கு எப்படி என்று தினமும் பார்க்கிறவர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள். கரையில் சொறிமீன் ஒதுங்கிக் கிடந்தாலும் அன்று குழந்தையை இறக்க வேண்டாம். செத்துக் கிடந்தாலும் அது அரிக்கும்.

குளத்துத் தண்ணீர்

நீச்சல்குளத்துக்கும் வாட்டர் பார்க்குக்கும் ஒரே சோதனை. ஓரத்தில் நின்று பாருங்கள். மிக ஆழமான இடத்தில் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால் சுத்தம் மட்டும் பிரச்சினை இல்லை. அடியில் குழந்தை மூழ்கிக் கிடந்தாலும் லைஃப் கார்டின் கண்ணுக்குத் தெரியாது. அந்த மூடி உடையாமல், இறுக்கமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தலைமுடியையோ கையையோ உறிஞ்சிப் பிடித்துவிடும் ஆபத்து திறந்த வடிகாலில் உண்டு.

மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் பொருள்தான் அப்படி நாறுகிறது, கண்ணை எரிக்கிறது. நல்ல குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஹெச் 7.2 முதல் 7.8 வரை இருந்தால் சரி. நல்ல இடங்களில் இந்த அளவுகளைத் தினமும் பலகையில் எழுதி வைப்பார்கள். எழுதாவிட்டால் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதே உங்களுக்கு ஒரு பதில். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சில வயிற்றுக் கிருமிகள் குளோரின் தண்ணீரிலும் நாள்கணக்கில் பிழைத்திருக்கும், உங்கள் பிள்ளையிடமிருந்து பத்துப் பிள்ளைகளுக்குப் போகும்.

வாட்டர் பார்க்கில் நான் மிகவும் அஞ்சுவது உயரமான ஸ்லைடை அல்ல, வேவ் பூலை. ஸ்லைடில் ஒருவர் இறங்கிய பிறகுதான் அடுத்தவரை விடுவார்கள். வேவ் பூலில் சைரன் ஒலித்ததும் ஒரே நேரத்தில் நூறு பேர் குதிப்பார்கள், டியூபுகள் மேலே மூடிக்கொள்ளும், பாட்டுச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர் தொடங்கும் ஓரத்தில் உட்காரவையுங்கள், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில்.

யார் பார்த்துக்கொள்வது

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையை அடித்துக் கூச்சல் போடாது. வாயில் தண்ணீர் இருக்கும்போது சத்தம் எழாது. பக்கத்தில் நிற்கிறவருக்கே தெரியாமல் அடங்கிவிடும்.

பெரிய குடும்பமாகப் போகும்போது ஒரு சிக்கல் வருகிறது. பன்னிரண்டு பெரியவர்கள் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். சித்தி பார்க்கிறாள் என்று அம்மா நினைப்பாள், மாமா பார்க்கிறார் என்று சித்தி நினைப்பாள். மாமா போனில் இருப்பார். இதற்குத் தீர்வு எளிது. ஒரு நேரத்துக்கு ஒரே ஆள் பொறுப்பு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைமாற்றம். பொறுப்பில் இருப்பவர் கழுத்தில் சிவப்புத் துண்டு போட்டிருக்கட்டும். துண்டு கழுத்தில் இருக்கும்வரை போன் கிடையாது, பேச்சு கிடையாது, பஜ்ஜி கிடையாது. அடுத்தவர் கழுத்துக்கு மாற்றும்போது, "இப்போ உங்க முறை, மூணு பிள்ளைங்க தண்ணியில இருக்காங்க" என்று எண்ணிச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

லைஃப் கார்டையும் கவனியுங்கள். அவர் கண் தண்ணீரை மேய்ந்துகொண்டே இருக்கிறதா, கையில் மிதவை இருக்கிறதா, ஒரே ஆள் டியூப் கொடுக்கிற வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாரா? கையில் மாட்டும் காற்றுப் பைகளையும் பிளாஸ்டிக் வாத்துகளையும் நம்பாதீர்கள், அவை விளையாட்டுப் பொருள்கள். மார்பிலும் தொடையிடையிலும் பட்டை இறுக்கும் லைஃப் ஜாக்கெட் குழந்தை அளவில் ரிசார்ட்டில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் வாங்கிக்கொண்டு போங்கள். நீச்சலுடை ஆரஞ்சு, பளீர் மஞ்சள், ரோஸ் நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் குளத்து நிறத்தோடு கலந்து மறைந்துவிடும்.

மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் ஊரெல்லாம் இருக்கும் பழக்கம். செய்யக் கூடாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நேரமும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். வீட்டில் ஒருவராவது சிபிஆர் பயிற்சி எடுத்துக்கொண்டு கிளம்பினால் நல்லது.

உடையும் சாப்பாடும் பாட்டியும்

வாட்டர் பார்க் வாசலில் சுடிதாரோடு வந்த அம்மாக்கள் காஸ்ட்யூம் கவுன்டரில் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். பருத்தித் துணி, சேலை, ஜீன்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. பருத்தி தண்ணீர் குடித்துக் கனக்கும், நூலிழை வடிகட்டியை அடைக்கும், ஜிப்பும் பொத்தானும் ஸ்லைடைக் கீறும். முழங்கை, முழங்கால்வரை மூடும் நைலான் உடை தி. நகரிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. முன்பே வாங்கிவிட்டால் யாரோ உடுத்திய ஈர உடையை வாடகைக்கு எடுத்து உடுத்த வேண்டியதில்லை, கூச்சத்தில் அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிடவும் வேண்டியதில்லை.

வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பார்க்குகள் விடுவதில்லை. கைக்குழந்தையின் உணவுக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள். ரிசார்ட்டில் காலை ஆறு மணிக்குப் பால் கிடைக்குமா, அறையில் வெந்நீர் கெட்டில் இருக்கிறதா என்பவை பஃபேயில் எத்தனை வகை என்பதைவிட முக்கியம். மீன் சாப்பிடவே போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறை முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. வஞ்சிரம் அரிதாகும், விலை ஏறும்.

பாட்டிக்குத் தரைத்தளத்தில் அறை, வெஸ்டர்ன் டாய்லெட், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. குளத்தோரம் நிழலில், சாய்மானம் உள்ள, தாழ்ந்துவிடாத நாற்காலி. பார்க்கில் தண்ணீரில் இறங்காதவருக்குக் குறைந்த கட்டணச் சீட்டு உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் பாட்டிக்கும் முழுக் கட்டணம் வாங்கிவிடுவார்கள். அப்படியானால் பிள்ளைகள் பார்க்குக்குப் போகும் நாளில் பாட்டியை முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குக் கூட்டிப்போங்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அவருக்குப் பேச நிறைய இருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாதமும் கட்டணமும்

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், புயல் சின்னம் வந்தால் பயணம் ரத்தாகும். அந்த மாதங்களில் முன்பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். மே மாதம் கூட்டமும் கத்திரி வெயிலும். காணும் பொங்கலன்று ஈசிஆர் பக்கமே வேண்டாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை காலம் இதமானது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுதான். கடலைப் பார்த்துப் பளீரென்று விளக்கு எரியவிடும் ரிசார்ட்டுகளால் பொரிந்து வரும் ஆமைக்குஞ்சுகள் திசை தவறி விளக்கைப் பார்த்து வருகின்றன. இரவில் கரை விளக்கை அணைக்கும் ரிசார்ட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

அறைக் கட்டணம் ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,800 ரூபாய் அறைக்கும் உண்மை வித்தியாசம் நானூறு ரூபாய் அல்ல, ஆயிரத்து நானூறுக்கும் மேல். குழந்தைக்கு எந்த வயதுவரை இலவசம், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, அதில் காலைச் சாப்பாடு சேர்த்தியா என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்குக்கு வாரநாளில் போனால் சீட்டு விலையும் குறையலாம், வரிசையும் குறையும்.

பணம் கட்டும் முன் ஒரு போன்

புக்கிங் மையத்தைக் கூப்பிடாமல் ரிசார்ட்டின் முன் அலுவலகத்தையே கூப்பிடுங்கள். குழந்தைக் குளத்தின் ஆழம் எத்தனை அடி, அது பெரிய குளத்திலிருந்து தனியாகப் பிரிந்திருக்கிறதா, லைஃப் கார்டு எத்தனை மணிக்கு வருவார், கடல் வாசல் இரவில் பூட்டப்படுமா, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு சார்" என்று ஒரே பதில் வந்தால், குளத்தையும் கடல் வாசலையும் அன்றைக்கு எடுத்த படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விவரம் தெரிந்து, ஆழத்தை அடியில் சொல்லி, "கடல்ல மட்டும் பிள்ளைங்களை இறக்காதீங்கம்மா, இந்த மாசம் இழுப்பு ஜாஸ்தி" என்று தானாகவே எச்சரிக்கும் குரல் மறுமுனையில் கிடைத்தால், அந்த ரிசார்ட்டில் ஸ்லைடு ஒன்று குறைவாக இருந்தாலும் முன்பணத்தை அங்கே கட்டுங்கள்.